ஆறு அங்குல வெற்றிடம்

மரக்கட்டை வீட்டை நம்மில் பெரும்பாலோர் முதலில் கண்டது அச்சில்தான். மலிவு விலையில் கிடைத்த ருஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில், பனி மூடிய கிராமம் ஒன்றில் அது நின்றது; உள்ளே அறையின் கால்பங்கை அடைத்துக்கொண்டு ஒரு கணப்பு, அதன் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு கிழவர். பிறகு பாடப்புத்தகத்தில் லிங்கன் வந்தார்; மரக்குடிலில் பிறந்து வெள்ளை மாளிகைக்குப் போனவர் என்று மனப்பாடம் செய்தோம். அதற்கும் பிறகு, காந்தியைத் தேடிப் போனவர்களுக்குத் தோரோ கிடைத்தார். தோரோவோடு வால்டன் குளக்கரைக் குடிலும் கிடைத்தது. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்து நம் மனத்தில் ஒரே வீடாகிவிட்டன. ஒரு மனிதன், ஒரு கோடரி, ஒரு காடு. வெட்டினான், அடுக்கினான், கூரை போட்டான், குடியேறினான். நகரத்து நெரிசலில் அலுத்துப்போன எழுத்தாளர் எவரும் ஒருமுறையேனும் இந்த வீட்டில் குடியிருந்து பார்க்காமல் இருந்திருக்க மாட்டார், கற்பனையில்தான் என்றாலும்.

இந்தக் கற்பனையில் நமக்கு ஒரு குறை உண்டு. கூரை போட்டதும் அது முடிந்துவிடுகிறது. உண்மையான மரக்கட்டை வீட்டின் கதை கூரை போட்ட பிறகுதான் சூடு பிடிக்கிறது. கட்டுகிறவரின் திறமையில் பெரும்பகுதி அந்தப் பிற்காலத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதில் இருக்கிறது. இலக்கியம் அந்தப் பகுதியை நமக்குச் சொல்லவில்லை. சொல்லாமற்போனதால் இந்த வீட்டையும், அதன் உள்ளே நிறுத்தப்பட்ட மனிதனையும் நாம் தவறாக வாசித்துவிட்டோம் என்பது நம் எண்ணம்.

முதலில் தோரோவை இந்த வரிசையிலிருந்து மரியாதையோடு விலக்கி வைத்துவிடலாம். அவர் கட்டியது மரக்கட்டை வீடே அன்று. 1845 மார்ச் இறுதியில் இரவல் வாங்கிய கோடரியோடு குளக்கரைக்குப் போய்ப் பைன் மரங்களை வெட்டினார், சரி. ஆனால் அவற்றை ஆறு அங்குலச் சதுரமாகச் செதுக்கி, கூரும் துளையுமாகப் பொருத்தி, தூண்களை நிறுத்திச் சட்டகம் அமைத்தார். சுவருக்கான பலகைகளை, இரயில்பாதை வேலைக்கு வந்த ஐரிஷ் தொழிலாளி ஒருவரின் கொட்டகையை 4 டாலர் 25 சென்ட் கொடுத்து வாங்கி, பிரித்து, எடுத்துக்கொண்டார். பத்தடி அகலம், பதினைந்தடி நீளம், எட்டடி உயரத் தூண்கள். மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். ஆயிரம் பழைய செங்கல்லுக்கு எத்தனை, ஆணிக்கு எத்தனை என்று கணக்கு எழுதி வைத்த மனிதர் அவர். சட்டகத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்களை அழைத்தார், நிலம் எமர்சனுடையது. ஆகவே தனி மனிதன், தன் காடு என்ற இரண்டும் அங்கேயே அடிபட்டுப்போகின்றன. இதில் தோரோவின் குற்றம் ஏதுமில்லை. அவர் எல்லாவற்றையும் எழுதியே வைத்திருக்கிறார். நாம்தான் படித்துவிட்டு மறந்தோம்.

தோரோவின் குடிலில் மரம் நிற்கிறது, மரக்கட்டை வீட்டில் மரம் கிடக்கிறது. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் புரிந்துவிடும். பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகமிகக் குறைவு, நூற்றில் 0.1 அல்லது 0.2 பங்கு, அவ்வளவுதான். குறுக்குவாக்கில் நிலைமை வேறு. எடுத்துக்காட்டாக, அமெரிக்க மேற்குக் கரையின் டக்ளஸ் ஃபர் மரம் பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்போது மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய 5 விழுக்காடும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 7.6 விழுக்காடும் சுருங்குகிறது. தூணாக நிறுத்திய மரம் நின்ற உயரத்திலேயே நிற்கும். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கிய மரமோ ஒவ்வொன்றும் கொஞ்சம் இளைக்கும். அந்த இளைப்பெல்லாம் கூடிச் சுவரே கீழே இறங்கும். போதாததற்கு, மேலிருக்கும் பாரத்தால் கட்டைகளுக்கு இடையிலுள்ள காடிகள் நசுங்கி அமர்கின்றன. கட்டைகள் வெடிப்பு விட்டுக் காடியின் வாய் விரிவதால் இன்னும் சற்று அமர்கின்றன. இவை மூன்றையும் சேர்த்துப் பச்சை மரத்தில் கட்டுகிறவர்கள் அடிக்கு அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை கணக்கு வைப்பார்கள். எட்டடிச் சுவருக்கு அது நான்கிலிருந்து ஆறு அங்குலம். நான்கு சுவரும் கூரையும் பரணும் சேர்ந்து ஆறு அங்குலம் கீழே வரும் வீடு!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெட்டியவுடன் மரத்திலிருந்து போகும் நீர் முதலில் உயிரணுக்களின் வெற்றறைகளில் தங்கியிருந்த நீர். அது வெளியேறும்போது மரம் எடை குறையுமே தவிரச் சுருங்காது. ஈரப்பதம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, அணுச்சுவர்களில் ஊறிக் கிடந்த நீர் போகத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. ஆகவே வீடு கட்டிய முதல் சில மாதங்களில் ஒன்றும் நேராததுபோல் இருக்கும். குளிர்காலம் வந்து உள்ளே அடுப்பு எரியத் தொடங்கிய பிறகு வீடு தன் வேலையைக் காட்டும். பெரும்பகுதி இறக்கம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்துவிடும்; மிச்சம் ஐந்து ஆண்டு வரைகூட இழுக்கும்.

இப்போது வரைபடத்தைப் பார்ப்போம். இந்த வீட்டின் வரைபடத்தில் நம்மை மிகவும் கவர்வது சன்னலுக்கு மேலே விடப்படும் ஒன்றுமில்லாத இடம். சன்னல் சட்டம் ஒருநாளும் சுருங்கப்போவதில்லை, அதைச் சூழ்ந்த சுவர் இறங்கப்போகிறது. இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்தினால் மேற்சுவரின் பாரம் முழுவதும் சன்னல் தலையில் அமரும். கண்ணாடி வெடிக்கும், கதவு சிக்கும். அல்லது சன்னல் தாங்கிக்கொண்டு நின்றுவிட, அதற்கு மேலுள்ள கட்டைகளுக்கு இடையே பகல் வெளிச்சம் தெரியும். அதனால் திறப்பின் உயரத்துக்கு ஏற்பச் சில அங்குலம் மேலே காலியாக விட்டு, அதில் கம்பளி போன்ற மென்மையான எதையாவது அடைத்து, முன்புறம் ஒரு பலகையால் மறைப்பார்கள். அந்தப் பலகையை மேற்கட்டையில் மட்டுமே ஆணியடிக்கலாம். சன்னல் சட்டத்திலும் சேர்த்து அடித்துவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண். சட்டத்தின் பக்கவாட்டையும் கட்டையோடு ஆணியடிக்கக் கூடாது. கட்டைகளின் முனையில் செங்குத்தாக ஒரு காடி வெட்டி, அதில் ஒரு சட்டத்தைச் செருகி, சுவர் அதன் மீது வழுக்கிக்கொண்டு இறங்கும்படி விடவேண்டும்.

அதே கணக்கு வீடு முழுவதும் தொடர்கிறது. வீட்டின் நடுவே உத்தரத்தைத் தாங்கும் தூண் சுருங்காது, சுவர் சுருங்கும். அப்படியே விட்டால் சில ஆண்டுகளில் தரை நடுவில் மேடாகிவிடும். ஆகவே தூணின் அடியில் திருகு ஜாக்கி ஒன்றை வைத்து, ஆண்டுக்கு ஓரிருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். கல் புகைபோக்கி இறங்காது. அதைச் சுவரோடும் கூரையோடும் பிணைக்காமல் தனியே நிற்க விட்டு, சுற்றிலும் தகடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்படி மூடவேண்டும். மாடிப்படியை மேலே கட்டிக் கீழ்முனையை நகர விடவேண்டும். செங்குத்துக் குழாய்களில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பு வேண்டும். சமையலறை அலமாரியைச் சுவரில் மாட்டுவதற்குக்கூட வட்டத் துளை போடாமல் நீள்துளை போட்டால்தான் திருகாணி பிடுங்கிக்கொண்டு வராது. முக்கோணச் சுவரையும் கட்டையாலேயே எழுப்பினால் முகடு இறங்கிக் கூரைச் சரிவே மாறிப்போகும். அதனால் அந்தப் பகுதியை மட்டும் சட்டகமாகச் செய்துகொள்பவர்கள் பலர். வீட்டைக் கட்டிப்பார் என்று நம் பெரியவர்கள் சவால் விட்டபோது இந்த வீட்டை மனத்தில் வைத்திருக்க வாய்ப்பில்லை; வைத்திருந்தால் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டார்கள்.

மரத்தைக் காயவைத்தபின் கட்டினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். ஓரடி தடிமனுள்ள முழுக்கட்டை உள்வரை காய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். காய்ந்தபின் அது முறுக்கிக்கொண்டும் வெடித்துக்கொண்டும் கிடக்கும், கோடரிக்கும் உளிக்கும் எளிதில் மசியாது. பச்சை மரத்தில் வேலை எளிது. அத்துடன் சுவரில் பாரத்தின் கீழ் மாட்டிக்கொண்டு காயும் கட்டை தன் அண்டைக் கட்டையோடு பொருந்திக் காய்கிறது. 1970களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இக்கலையைக் கற்பித்துப் புத்துயிர் ஊட்டியவர்களில் ஒருவரான ஆலன் மேக்கி பச்சை மரத்தையே வற்புறுத்தினார். மேற்கட்டையின் அடிவயிற்றில், கீழ்க்கட்டையின் மேடுபள்ளம் அனைத்தையும் கவராயத்தால் நகலெடுத்து, அதன்படி நீளக் காடி குடைந்து, இடைவெளியே இல்லாமல் அமர்த்தும் முறை அது. ஒரு கட்டைக்கு என்று குடைந்த காடி வேறொரு கட்டைக்குப் பொருந்தாது. சராசரி ஓரடி தடிமன் என்றால் காடி தின்றதுபோக எட்டடிச் சுவருக்கு ஒன்பது வரிசையாவது வேண்டும். மரம் அடியில் தடித்தும் நுனியில் சிறுத்தும் இருப்பதால், ஒரு வரிசையின் அடிப்பக்கத்துக்கு மேல் அடுத்த வரிசையின் நுனி வருமாறு மாற்றி மாற்றி வைத்தால்தான் சுவர் மட்டத்தில் ஏறும். எந்தக் கட்டை எந்தச் சுவரில், எத்தனையாவது வரிசையில் என்பதைக் கட்டைகள் தரையில் கிடக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். கோடரியை எடுப்பதற்கு முன்னால் நடக்கும் இந்த வேலையைப் பற்றி எந்தக் கவிஞரும் பாடியதாக நமக்குத் தெரியவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டுவது வடநாடுகளின் வழக்கம். பூச்சியும் பூஞ்சையும் ஓய்ந்திருக்கும், பனியின் மேல் கட்டையை இழுப்பதும் எளிது. அடிக்கட்டை மண்ணைத் தொடக் கூடாது, கல்லின் மேல் உயர்ந்து நிற்கவேண்டும். இறவாரம் அகலமாக நீண்டிருக்க வேண்டும், சுவரில் சாரல் படாமலிருக்க. மேல்நோக்கிய வெடிப்பில் மழைநீர் தேங்கும். அதனால் கட்டையின் மேல்முதுகில், அடுத்த கட்டையின் காடிக்குள் மறையும் இடத்தில், நீளவாக்கில் முன்கூட்டியே ஒரு வாள்வெட்டுப் போட்டு, வெடிப்பதானால் அங்கேயே வெடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இன்று ஆலையில் கடைந்து எண்ணிட்டுப் பெட்டியில் வரும் மரக்கட்டை வீடுகளும் உண்டு. சூளையில் உலர்த்திய மரம் குறைவாகத்தான் இறங்கும் என்பது உண்மை. இறங்கவே இறங்காது என்று விற்பவர் சொன்னால் அதை நம்பவேண்டியதில்லை. விளம்பரத்தில் காணும் விலை பெரும்பாலும் சுவருக்கும் கூரைக்குமான விலை. அடித்தளம், கிணறு, மின்சாரம், கழிவுநீர், பாதை எல்லாம் அதற்கு வெளியே.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு டிக் பிரொனெக்கியைப் படித்துப் பாருங்கள், வேறு புத்தகமாக இருக்கும். அலாஸ்காவின் இரட்டை ஏரிக் கரையில் தன்னந்தனியே மரக்குடில் கட்டி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்த மனிதர். அவருடைய நாட்குறிப்புகளைக் கொண்டு அவர் நண்பர் சாம் கீத் எழுதிய நூல் 1973இல் வெளிவந்தது. அவரே முக்காலியில் கேமராவை வைத்து எடுத்த படச்சுருள்கள் பின்னாளில் ஆவணப்படமாகி உலகெங்கும் ரசிகர்களைத் தேடித்தந்தன. ஐம்பது வயதைக் கடந்தவர், கைப்பிடி இல்லாத கருவிகளைக் கொண்டுபோய் அங்கேயே கைப்பிடி செதுக்கிக்கொண்டவர். இந்தக் காட்சிதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. நாம் நிறுத்திப் பார்க்க விரும்புவது அதற்கு முந்தைய ஆண்டை. 1967 கோடையில் அவர் ஸ்புரூஸ் மரங்களை வெட்டி, பட்டை உரித்து, அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு குளிர்காலம் முழுவதும் அவை அங்கே காற்றில் கிடந்தன. 1968இல் திரும்பி வந்துதான் அடுக்கத் தொடங்கினார்; கட்டி முடியும்வரை நண்பர் ஒருவரின் குடிலில் தங்கினார். கடற்படையில் தச்சராக வேலை பார்த்தவர், பின்னர் டீசல் இயந்திரங்களோடு பல காலம் உழைத்தவர். உள்ளளவு பதினொன்றுக்குப் பதினைந்தடி மட்டும். ஒற்றை ஆள் தூக்கிப் புரட்டக்கூடிய கட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் வீடு. கூரையில் பாசி மண்ணைப் பரப்புவதற்கு முன் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். அதைக் கொண்டுவந்தது ஏரியில் இறங்கும் சிறுவிமானம். தூய்மைவாதிகள் அந்தப் பிளாஸ்டிக்கைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. நமக்கு அந்த இடத்தில்தான் அவர்மேல் மதிப்புக் கூடுகிறது. கூரை ஒழுகினால் மரம் கெடும் என்பது அவருக்குத் தெரியும். காடு தரக்கூடியது எது, தர முடியாதது எது என்பதும் தெரியும்.

பிரொனெக்கி விதிவிலக்கு. பொதுவாக இது ஒருவர் கட்டும் வீடன்று. லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரைரி' (1935) குழந்தைகளுக்கான நூல் என்று ஒதுக்கப்படுவது. ஆனால் மரக்கட்டைச் சுவர் எழும்பும் விதத்தை அவ்வளவு தெளிவாகச் சொன்ன புனைவுகள் குறைவு. அப்பா கட்டையைச் சரிவில் உருட்டி ஏற்றுகிறார், அம்மா மறுமுனையைத் தாங்குகிறார். கட்டை நழுவி அம்மாவின் காலில் விழுகிறது. அத்துடன் வேலை நின்றுபோகிறது. அண்டையில் இருந்த ஒரு பிரம்மச்சாரி வந்து உதவிய பிறகே சுவர் மேலே ஏறுகிறது. பதிலுக்கு அப்பா போய் அவர் வீட்டுக்குக் கை கொடுக்கிறார். எல்லைப்புற வாழ்வின் தன்னம்பிக்கைக் காவியமாக இந்நூலைக் கொண்டாடுகிறவர்கள் அந்தக் கணுக்காலை மறந்துவிடுகிறார்கள்.

மறக்கப்பட்டது அது மட்டுமில்லை. வைல்டரின் குடும்பம் கான்சாஸில் அந்த வீட்டைக் கட்டியிருந்த 1869 முதல் 1871 வரையான காலத்தில் அந்த நிலம் ஒப்பந்தப்படி ஓசேஜ் மக்களுக்கு உரியது. 1870 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தால் அது விற்பனைக்கு வந்தது. ஓசேஜ் மக்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். அப்பா ஓடைக்கரையில் வெட்டிய மரங்கள் யாருடையவை என்ற கேள்வியை அந்த நூல் கேட்கவில்லை. பூர்வகுடிகளை அது சித்திரித்த விதத்துக்காக 2018இல் அமெரிக்கச் சிறார் நூலகச் சங்கம் தன் விருதொன்றிலிருந்து வைல்டரின் பெயரை நீக்கியது. அந்த முடிவைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். நூலைத் தடைசெய்வதை நாம் ஏற்கமாட்டோம். அந்தச் சுவர்கள் எழும்பும் பக்கங்களை இன்னும் விரும்பியே படிக்கிறோம். ஆனால் வீடு கட்டத் திட்டமிடுகிறவர் எவருக்கும் முதல் காகிதம் நிலப்பத்திரம் என்பது தெரிந்திருக்க, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அதைக் கேட்காமலே நூறாண்டுகளாகப் பாராட்டு வழங்கி வந்திருக்கிறோம்.

பத்திரம் என்றதும் லிங்கன் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கியில் சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையில் அவர் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதாகும்போது, 1811இல், நில உரிமைத் தகராறு காரணமாக அவருடைய தந்தை குடும்பத்தோடு அந்தக் குடிலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எளிமையின் சின்னமாக நம் பாடப்புத்தகம் காட்டிய வீடு, ஒரு குடும்பம் தன் பத்திரம் செல்லாமல் இழந்த வீடு.

அந்தக் குடிலுக்குப் பின்னாளில் நேர்ந்தது இன்னும் விசித்திரமானது. மரக்குடிலுக்கு அமெரிக்க அரசியலில் சந்தை மதிப்பு உண்டு என்பது 1840 தேர்தலிலேயே தெரிந்துவிட்டது. வில்லியம் ஹென்றி ஹாரிசன் வர்ஜீனியாவின் செங்கல் மாளிகையொன்றில் பிறந்தவர். அவருடைய கட்சி அவரை மரக்குடில் வேட்பாளராகச் சித்திரித்து, ஊர்வலங்களில் சிறு குடில்களை இழுத்துச்சென்று வென்றது. உண்மையிலேயே குடிலில் பிறந்த ஒருவர் கொலையுண்டு தேசிய நாயகரும் ஆனபின் அந்தக் குடிலை விட்டுவைப்பார்களா? லிங்கனின் பண்ணையை 1894இல் வாங்கிய ஒரு முதலாளி, அண்டையிலிருந்த பழைய குடிலொன்றின் கட்டைகளைக் கொண்டு 'பிறந்த குடிலை' எழுப்பினார். அது பிரிக்கப்பட்டுப் பொருட்காட்சிகளுக்குப் பயணம் போனது. 1897இல் நாஷ்வில் நகரில் அது காட்டப்பட்டபோது, உள்நாட்டுப் போரில் எதிரணித் தலைவரான ஜெஃபர்சன் டேவிஸ் பிறந்ததாகச் சொல்லப்பட்ட குடிலின் கட்டைகளும் அருகிலேயே காட்டப்பட்டன. இரண்டையும் சேர்த்தே மூட்டை கட்டி வைத்திருந்ததால் எது யாருடைய கட்டை என்ற குழப்பமும் வந்து சேர்ந்தது.

பிறகு நினைவகம் எழுந்தது. 1909இல் தியோடர் ரூசவெல்ட் அடிக்கல் நாட்டினார், 1911இல் டாஃப்ட் திறந்துவைத்தார். ஜான் ரஸல் போப் வடிவமைத்த, கிரேக்கக் கோவிலை ஒத்த கல் மண்டபம். லிங்கன் வாழ்ந்த ஆண்டுகளைக் குறிக்க 56 படிகள். குடிலைக் கொண்டுவந்து உள்ளே வைத்தபோது பார்வையாளர்கள் சுற்றிவர இடம் போதவில்லை. கட்டைகளை வெட்டிக் குடிலைச் சிறிதாக்கினார்கள். மண்டபத்துக்காகக் குடில்! நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் மக்கள் அதன் முன் தொப்பியைக் கழற்றி நின்ற பிறகு, 2004இல் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து பார்த்ததில், அடையாளம் காண முடிந்தவற்றில் மிகப் பழைய கட்டையே 1848ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. 1848இல் லிங்கன் வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். தேசியப் பூங்காத் துறை அதைக் குறியீட்டுக் குடில் என்றே அழைக்கிறது.

போலியை வணங்கினார்கள் என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. நம்மை உறுத்துவது வேறு. அந்தக் கல் மண்டபத்துக்குள் மழை படாமல், வெயில் படாமல், யாரும் அடுப்பு மூட்டாமல் நிற்கும் கட்டைகள் வீடாக இருப்பதை நிறுத்திவிட்டன. எல்லைப்புறத்துக் குடில்களில் கட்டைகளுக்கிடையே மண்ணும் மரச்சிராயும் வைத்து அடைத்திருப்பார்கள். கட்டை இளைக்க இளைக்க அடைப்பு உதிரும். இலையுதிர் காலம் வந்தால் பெண்களும் பிள்ளைகளும் மண்ணைப் பிசைந்து இடுக்குகளை மறுபடி பூசுவார்கள். அந்த ஆண்டுதோறும் வேலைக்கு எந்த ஊரிலும் மண்டபம் கட்டவில்லை. ஒரு மனிதன் தன் குடிலை எழுப்பிய அந்த ஒரு கோடை மட்டுமே தேசத்துக்குத் தேவைப்பட்டது. நம் வாசிப்பும் அதையேதான் செய்தது என்று தோன்றுகிறது. கணப்பின் மேல் படுத்திருந்த ருஷ்யக் கிழவர் அந்த வீட்டுச் சுவரிடுக்கில் பாசியை எத்தனை முறை திணித்திருப்பார் என்று நாம் கேட்டதில்லை.

ருஷ்யர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பொய்யைப் பரப்பினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒனேகா ஏரியின் கீழி தீவில் 1714இல் எழுந்த உருமாற்றத் தேவாலயம், 22 கும்மட்டங்களோடு 37 மீட்டர் உயரம் நிற்கும் மரக்கட்டைக் கட்டடம், ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டப்பட்டது என்பார்கள். கட்டைச்சுவருக்கு அது பொருந்தலாம். கும்மட்டங்களைப் போர்த்தியிருக்கும் ஆஸ்பென் மரச்செதில்களை ஆணியடித்துத்தான் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் அதைப் பழுதுபார்த்த முறை வேறு ரகம். 1980களில் உள்ளே எஃகுச் சட்டகம் ஒன்றை நிறுத்தி, சாயாமல் காத்தார்கள். பிறகு கட்டடத்தைக் கிடைமட்டமாகப் பல அடுக்குகளாகக் கருதி, மேலடுக்குகளை அந்தச் சட்டகத்தில் தொங்கவிட்டு, அடியிலிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கழற்றினார்கள். கழற்றிய கட்டைகளைத் தீவிலேயே அமைந்த பட்டறைக்குக் கொண்டுபோய், முற்றிலும் உளுத்துப்போனதை மட்டும் மாற்றினார்கள். மற்றவற்றில் கெட்ட பகுதியை மட்டும் செதுக்கியெடுத்து அந்த அளவுக்குப் புதுத் துண்டு பதித்தார்கள். மறுபடியும் அதே இடத்தில், அதே வரிசையில் அடுக்கினார்கள். 2020இல் வேலை முடிந்தது. முந்நூறு ஆண்டுப் பழைய கட்டைக்கு நடுவே வெளிறிய புதுமரம் தனியாகத் தெரிகிறது, அதை மறைக்கச் சாயம் பூசவில்லை.